அம்மா ஜீப்பில் போன காலம்

என்னை முதன்முதலாக மேடையேற்றியபோது எனக்கு ஆறு வயது. பாட்டுப் பாடவோ பரிசு வாங்கவோ ஏற்றவில்லை. தவறுக்கு எடுத்துக்காட்டாக ஏற்றினார்கள்.

"இது அஞ்சாவது" என்று அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "நாலோட நிறுத்தியிருந்தா இத்த பெத்துக்கினு இருக்க வேணாம்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டுக் கைகூப்பி வணக்கம் சொன்னேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. ஆகவே அம்மா சொன்னதன் பொருள் எனக்கு உறைக்க இரண்டு வருடம் ஆனது.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால், அரிசி மில்லுக்குப் போகும் தெருவில் எங்கள் வீடு. இன்றைக்கு அந்தப் பக்கம் முழுக்கத் தொழிற்சாலைப் புகைபோக்கிகள். அறுபதுகளின் கடைசியில் அந்த மில்லுக்கு மட்டும்தான் புகைபோக்கி இருந்தது. நைனா அங்கே மேஸ்திரி. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பழக்கம். மூத்தது அக்கா, அடுத்தடுத்து மூன்று அண்ணன்கள், கடைசியில் நான்.

அம்மா பதினேழு வயதில் பொன்னேரியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். அதற்குப் பிறகு அவள் பார்த்த உலகம், வருடத்துக்கு ஒருமுறை ஆடி மாதத்தில் பெரியபாளையம் கோயில், பிரசவத்துக்குப் பிறந்த வீடு, மற்றபடி தெருமுனைக் குழாயடி. குழாயடியில் அம்மா பேச ஆரம்பித்தால் குடம் நிரம்பி வழிந்தாலும் யாரும் எடுக்க மாட்டார்கள். தன் வீட்டில் நடந்ததையே சொல்வாள். ஆனால் சொல்கிறபோது அது வேறு எங்கேயோ, நம்மைவிடப் பாவப்பட்ட ஒருத்திக்கு நடந்தது போல இருக்கும்.

அப்படி ஒரு திங்கட்கிழமைக் காலைக் கதையைத்தான் நர்ஸம்மா கேட்டார். சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வீடு வீடாகப் போய், அளவாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வது அவர் வேலை. யாரும் காது கொடுக்கவில்லை. கல்யாணமே ஆகாத பெண் இதையெல்லாம் பேசுகிறதே என்று கதவைச் சாத்தினார்கள். அன்றைக்குக் குழாயடியில் ஒதுங்கி நின்றவரின் காதில் அம்மாவின் குரல் விழுந்தது.

"மூத்தவளுக்குத் தல பின்னிக்கினு இருக்கறேன். ரெண்டாவது ஸ்லேட்ட காணோன்றான். மூணாவது அத்த ஒடச்சது நான் இல்லன்றான். நாலாவது 'எம்மா, வெளிக்கி வருது'ன்றான். அஞ்சாவது, 'எனிக்கி வந்துட்ச்சி'ன்றா."

நர்ஸம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"எக்கா, இதை அப்படியே மேடையில வந்து சொல்லுவியளா?"

"மேடையிலயா? நான் இன்னா கட்சிக்காரியா?"

"நீங்க சும்மா வாங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன். ஜீப்பு அனுப்புதேன்."

அம்மாவை வீழ்த்தியது கொள்கை அல்ல, ஜீப் என்ற சொல்தான் என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

முதல் கூட்டம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில். நர்ஸம்மா இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்த அம்மா, ஒரு வாரம் அடுப்பு ஊதிக்கொண்டே மனப்பாடம் செய்தாள். மைக்கைப் பிடித்து, "மக்கட்பெருக்கத்தினால் விளையும் இன்னல்கள்" என்பது வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் வரவில்லை. காகிதத்தை எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இதெல்லாம் நர்ஸம்மா எய்தி குட்தது. நல்லாத்தான் கீது. நான் எங்க ஊட்டு கதைய சொல்றேன்."

சொன்னாள். ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் அம்மை போட்டதை, ஒரே சோப்பு ஐந்து தலையைத் தாண்டி அவளிடம் வரும்போது வெறும் வாசனையாக மட்டும் இருப்பதை, கடைசியாக எப்போது சூடாகச் சோறு தின்றாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லாததை. முதலில் சிரித்த பெண்கள், போகப் போகச் சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் சுகாதார நிலையத்தின் வாசலில் செருப்பு விட இடமில்லை என்று நர்ஸம்மா ஓடிவந்து சொன்னார்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு கூட்டம். குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்த ஜீப் எங்கள் தெருவுக்குள் வந்து நிற்கும். அம்மா பவுடர் போட்டு, கல்யாணப் பட்டைக் கட்டி, முன் சீட்டில் உட்காருவாள். நாங்கள் ஐந்து பேரும் பின்னால், சாட்சிப் பொருட்கள் போல. சோழவரம், மீஞ்சூர், பொன்னேரி என்று அந்த வட்டாரத்து ஊரெல்லாம் நாங்கள் பார்த்தது அப்படித்தான். போகிற இடமெல்லாம் எங்களுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். 'ஐயோ பாவம், பெத்தவ' என்று எங்களைப் பார்த்தபடியே சொன்னார்கள். நாங்கள் பிஸ்கட்டைத் தின்றோம்.

நைனாவுக்குத்தான் இது பெரிய பேஜாராக இருந்தது. முறுக்கு மீசை, கணீர் குரல், ரசத்தில் உப்பு குறைந்தால் தெருவுக்கே கேட்கும். மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள், "இன்னா மேஸ்திரி, சோப்பு வாங்கி தரமாட்டியாமே" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

"ஊரு பூரா எம் மானத்த வித்துக்கினு வர்ற" என்று அவர் கத்துவார்.

"உங்க பேர நான் எங்கியும் சொல்லலீங்க" என்பாள் அம்மா. பெயரைச் சொல்லவில்லை என்பது உண்மை.

மீஞ்சூர்க் கூட்டத்தில் வந்தது வினை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அதெல்லாம் சரிம்மா. எங்கள ஆப்ரேஷன் பண்ணிக்கோன்றியே, ஒன் ஊட்டுக்காரரு பண்ணிக்கினாரா?" என்று கேட்டாள்.

மைக் கீயென்று கத்தியது. நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா ஒரு நொடிதான் தயங்கினாள். "வர்ற ஞாயித்துக்கெயம பண்ணிக்கப் போறாரு" என்றாள்.

அந்த நேரத்தில் நைனா மில்லில் நெல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றிய இந்தச் செய்தி மீஞ்சூருக்குத் தெரிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

மூன்று நாள் சண்டை. நான்காம் நாள், அரை மணி நேர வேலைதான், இரண்டு நாளில் மில்லுக்குப் போகலாம் என்று நர்ஸம்மா வந்து படம் போட்டு விளக்கினார். நைனா படத்தைப் பார்க்காமல் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போறேன். ஆனா ஜீப்புல வரமாட்டேன். தனியா பஸ்ஸுல போறேன்" என்றார்.

முகாம் செங்குன்றத்தில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அவர் நெற்றியில் குங்குமம் வைத்து, யுத்தத்துக்கு அனுப்புவது போல அனுப்பினாள். சாயங்காலம் அவர் திரும்பி வந்தார். கால்களை அகட்டி அகட்டி நடந்து வந்தார். கையில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் வாளி. முகாமில் பண்ணிக்கொண்டவர்களுக்கு வாளி கொடுக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பிளாஸ்டிக் வாளி அது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வலிச்சுதுங்களா?"

"எறும்பு கட்ச்சா மாரி இருந்திச்சி" என்றார் நைனா, கண்ணை மூடிக்கொண்டு.

பத்து நாள் படுக்கை. காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் நாட்டுக்கோழி ரசம், தலைமாட்டில் விசிறியுடன் அக்கா. எங்களுக்குக் கஞ்சி. ஆறாம் நாள் ஓட்டிலிருந்து ஒரு பூரான் அவர் பாயில் விழுந்தது. நைனா ஒரே தாவில் நெல் குதிரின் மேல் ஏறி நின்றார். "நைனா நல்லா எகிர்றாரே" என்று சின்ன அண்ணன் கேட்டான். "உசுரு பயத்துல வலி தெரியாதுடா" என்று அம்மா அவன் தலையில் தட்டினாள்.

அடுத்த கூட்டங்களில் நைனாதான் கதாநாயகன். "எங்க ஊட்டுக்காரரு சிங்கம் மாரி போனாரு, சிங்கம் மாரி வந்தாரு. எறும்பு கட்ச்சா மாரி இருந்திச்சாம், அவ்ளோதான்" என்று அம்மா சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமையை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. மில்லிலும் கேலி நின்றது. இரண்டு மூன்று பேர் அவரிடம் ரகசியமாக யோசனை கேட்டார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசனையும் சொன்னார்.

நாலைந்து மாதம் கழித்து, பொன்னேரிக்குப் போகிற வழியில் அம்மா ஜீப்பை நிறுத்தச் சொல்லி, சாலையோரத்தில் வாந்தி எடுத்தாள். டீசல் நாற்றம் என்றாள். திரும்பி வரும்போதும் அதே டீசல் நாற்றம். நர்ஸம்மா அவளை ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது இருவர் முகத்திலும் ரத்தமில்லை.

"எக்கா, நான் ஒங்களை ஒரு சொல்லு தப்பா நினைக்கல. இதுல எப்பவாவது ஒண்ணு தவறிப் போகும், சொல்லியிருக்காங்க" என்றார் நர்ஸம்மா. சொல்லிவிட்டு அவரே அழுதார். ஆபரேஷன் பண்ணியும் பிள்ளை உண்டானது என்று தெரிந்தால் இனி ஒருவரும் வரமாட்டார்கள். அதுவும் யாருக்கு? ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு.

அம்மா அழவில்லை. கல்யாணப் பட்டின் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி வந்தாள். நர்ஸம்மா நம்புவார், நைனா நம்புவாரா? இரண்டு நாள் குழாயடிக்கு அக்காவை அனுப்பினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் நைனா சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். தட்டு பறக்கும் என்று எதிர்பார்த்து, அவருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு சொன்னாள்.

நைனா நிமிரவில்லை. சோற்றில் ஒரு பள்ளம் செய்தார்.

"ரசம் இருந்தா ஊத்து" என்றார்.

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். ரசத்தில் உப்பு இல்லாவிட்டால் கூரையைப் பிய்க்கிற மனுஷன். ஆபரேஷன் பண்ணிக்கொண்டவன் வீட்டில் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு ரசம் கேட்கிறார். அம்மாவின் பார்வை அவர் முகத்தில் இருந்தது, பிறகு மூலையில் இருந்த நீல வாளிக்குப் போனது, மறுபடி அவர் முகத்துக்கு வந்தது.

"யோவ்" என்றாள்.

கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நாங்கள் ஐந்து பேரும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டோம்.

"நீ போவவே இல்ல."

"கேட்டு வரிக்கும் போனேன்" என்றார் நைனா. கணீர் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "உள்ளயிருந்து ஒர்த்தன் காலை அகட்டிக்கினு வந்தான். அவன் மூஞ்சிய பாத்தேன். அந்த மருந்து வாட வேற. பஸ்ஸு ஏறிட்டேன்."

"சாயங்காலம் வரிக்கும் எங்க இருந்த?"

"சோயவரத்துல எறங்கிட்டேன். மோட்டார் ரேஸ் ஓட்னாங்க. மரத்து மேல ஏறி பாத்தேன்."

"வாளி?"

"பஜார்ல வாங்கினேன்."

"எறும்பு கட்ச்சுதுன்னியே!"

"அது நெஜந்தான். மரத்துல செவ்வெறும்பு."

பெரிய அண்ணன் சிரித்துவிட்டான். அம்மா சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "ரெண்டு நாளா எங்கிட்ட உசுரே இல்ல. நீ இன்னா நெனப்பியோ, எந்த வார்த்த சொல்லிடுவியோன்னு. கெணத்தாண்ட போனா எட்டி பாக்கக்கூட பயமா இருந்திச்சி." நைனா சாப்பிட்ட கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் விசிறியை எடுத்து விசிறினார். அவர் யாருக்காவது விசிறி நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குள் விஷயம் வெளியே போய்விட்டது. ஆபரேஷன் வேலைக்காகாது என்று குழாயடி தீர்ப்பு எழுதியது. பேர் கொடுத்தவர்கள் பேரை வாபஸ் வாங்கினார்கள். நர்ஸம்மாவை வேறெங்கோ மாற்றப் போகிறார்கள் என்றார்கள். அம்மா குடத்தோடு போனால் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் வயிற்றைப் பார்த்தார்கள். அம்மா திரும்பி வந்து குடத்தை இறக்கி வைத்தாள்.

"நீங்க மேடையேறி சொல்லணும்" என்றாள். மரியாதை திரும்பியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"நான் ஆம்பள. என்னால முடியாது."

"சரி. நானே சொல்லிடறேன். பூரான் கதையும் சேத்து."

நைனா யோசித்தார். அம்மா சொன்னால் எப்படிச் சொல்வாள் என்பது அவருக்குத் தெரியும். தானே சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

மில் களத்தில் கூட்டம். மூட்டை தூக்குகிறவர்கள், அவர்கள் பெண்டாட்டிகள், கும்மிடிப்பூண்டியில் பாதி. நைனா மைக்கைக் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார்.

"ஆப்ரேஷன் மேல தப்பு இல்ல. டாக்டர் மேல தப்பு இல்ல. எங்க ஊட்டம்மா மேல ஒரு தப்பும் இல்ல. நான் பண்ணிக்கவே இல்ல. ஓடிட்டேன்."

"அப்ப வாளி?" என்று யாரோ கத்தினார்கள்.

"கடையில வாங்கினது."

கூட்டம் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நைனா வியர்வையைத் துடைத்தபடி கடைசி வரைக்கும் நின்றார். இறங்கி ஓடவில்லை. பிறகு நர்ஸம்மா ஒரு முகாம் வாளியைக் கவிழ்த்துக் காட்டி, உண்மையான வாளியின் அடியில் முக்கோண முத்திரை இருக்கும் என்றார். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று அமைதியானார்கள். சில ஆண்களும்.

அன்று மாலை வீட்டுக்கு வீடு வாளிகள் கவிழ்ந்தன. எங்கள் தெருவிலேயே இரண்டு வாளிகளின் அடியில் முத்திரை இல்லை. நைனாவிடம் ரகசியமாக யோசனை கேட்டவர்கள்தான்.

அடுத்த முகாமுக்கு ஜீப்பில் மூன்று ஆண்கள் போனார்கள். முன் சீட்டில், ஐந்து மாத வயிற்றோடு, காவலுக்கு அம்மா. நைனா திரும்பி வந்து பாயில் படுத்து, சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். ரசமும் சோறும் வந்தன. கோழி வரவில்லை. மூன்றாம் நாள் எழுந்து மில்லுக்குப் போய்விட்டார். வலித்ததா என்று சின்ன அண்ணன் கேட்டதற்கு, "எறும்பே தேவலடா. அதுதான் ஜாஸ்தி வலிச்சுது" என்றார்.

தங்கை தை மாதத்தில் பிறந்தாள். ஆறு பெற்றவளை இனிக் கூட்டத்துக்கு அழைக்கலாமா என்று மேலதிகாரி ஒருவர் கேட்டாராம். "ஐஞ்சை விட ஆறு இன்னும் நல்லா வெளங்கும் சார்" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். ஆனால் என் பதவி போயிற்று. இப்போது கடைசியாக இடுப்பில் ஏறிவந்து சிரிப்பு வாங்குகிறவள் அவள்தான். அந்தக் கோபத்தில் நான் இரண்டு கூட்டத்துக்கு வணக்கம் சொல்லவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

கடைசியாக நாங்கள் எல்லாரும் போன கூட்டம் பழவேற்காடு ஏரிக்கரையில். மீன்பிடிக் குப்பத்துப் பெண்கள் இறால் ஆய்ந்துகொண்டே கேட்டார்கள். அம்மா வழக்கம் போல எங்களை வரிசையாக நிறுத்திக் கதை சொன்னாள். சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏம்மா, ஆறுல இப்ப எத்த வேணான்ற?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராக. நான் நேராக நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.  சொந்தக் கதை சொல்லும்போது அம்மாவுக்குப் பேச்சு வராமல் போனதை அன்றுதான் பார்த்தேன். நர்ஸம்மா பாதி எழுந்துவிட்டார்.

"எண்ண தேய்ச்சு குளிக்கற அன்னிக்கி மட்டும் ஆறும் வேணாம்" என்றாள் அம்மா கடைசியில். "மத்த நாள்ல யோசிக்கணும்."

அந்தப் பெண்தான் முதலில் சிரித்தாள். கிளம்பும்போது ஒரு கூடை நண்டை ஜீப்பில் வைத்தாள்.

ஜீப் கரையைத் தாண்டும் வரை அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "அவ கேட்டதுக்கு நான் சொன்னது பதிலு இல்ல, நர்ஸம்மா" என்றாள்.

"பெறகு எதுக்குக்கா வாரம் தவறாம வந்து பேசுதிய?"

"அங்க உக்காந்துக்கினு இருந்துச்சே ஒரு பொண்ணு, மடியில ஒண்ணு, தோள்ல ஒண்ணு. அதுக்கே பதினெட்டு வயசுதான் இருக்கும். கண்ண பாத்தியா? அது தூங்கி எவ்ளோ நாளாச்சோ."

நர்ஸம்மா என்னவோ சொல்ல வந்தார். அதற்குள் ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, கூடை கவிழ்ந்தது. நண்டுகள் எங்கள் கால்களுக்கு நடுவில் எல்லாத் திசையிலும் ஓடின. நாங்கள் ஐந்து பேரும் சீட்டின் மேல் ஏறிக் கத்தினோம். தங்கை கைதட்டினாள். நர்ஸம்மா திருநெல்வேலித் தமிழில் அம்மனைக் கூப்பிட்டார். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, வெளியே குதித்து, தூரத்தில் போய் நின்றுகொண்டார். அம்மா கல்யாணப் பட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, ஒவ்வொன்றாக முதுகைப் பிடித்துக் கூடையில் போட்டாள்.

"இன்னும் ஒண்ணு கொறையுது" என்றாள், கூடைக்குள் பார்த்து.

அதைத் தேடித் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. டிரைவர் கும்மிடிப்பூண்டி வரைக்கும் இரண்டு காலையும் முடிந்தவரை தூக்கியே வைத்துக்கொண்டு ஓட்டினார். அன்று எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பு. நைனா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்றார்.